முழுக்கைக்காரி

பார்லரில் எல்லோரும் அவளை ‘முழுக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் சட்டை மணிக்கட்டுவரை இறங்கியிருக்கும். வருகிறவர்களுக்குத் தலை அலசிவிடுவது அவள் வேலை. நனைந்த துணியோடு நாளெல்லாம் நிற்பாள். ஈரம் பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். கேட்டால், “எனக்குக் குளிர் உடம்பு” என்று சிரித்து மழுப்பிவிடுவாள். முழங்கைக்குக் கீழே சிவப்புத் திட்டுகளும் வெள்ளைச் செதில்களுமாக இருந்த சொரியாசிஸ் அவள் புருஷனுக்கும் தோல் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

வந்தது வினை, புது முதலாளியம்மா உருவில். அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் அரைக்கைச் சீருடையாம்.

“வேலைய விட்டுடு. நான் ஒருத்தன் சம்பாதிக்கறது போதும்” என்றான் புருஷன். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளை உலுக்கியது. கல்யாணம் காட்சி என்று எதற்கும் போவதை எப்போதோ நிறுத்தியாயிற்று. மிச்சம் இருப்பது இந்த வேலை ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டால் நாளைக்கு வாசல் கதவைத் திறக்கவே பயம் வந்துவிடும்.

தோல் டாக்டர் அவளை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். நோய் தோலில், வைத்தியம் மனசுக்கா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனாள்.

“சட்டைய மடிச்சா என்ன ஆகும்னு பயப்படறீங்க?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“பாத்ததும் அருவருத்துப்போய் எழுந்து ஓடிடுவாங்க.”

“சரி, சோதிச்சுப் பாத்துடுவோம். முழங்கைவரைக்கும் மடிச்சுக்கிட்டு ஒரே ஒருத்தருக்குத் தலை அலசுங்க. யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு. கேட்டா, ‘சொரியாசிஸ், ஒட்டாது’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். மன்னிப்பு மட்டும் கேக்கக் கூடாது.”

நம்மவள் லேசுப்பட்டவளா? வருகிற எல்லோரையும் சக ஊழியர்களிடம் தள்ளிவிட்டு, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி வரும்வரை காத்திருந்தாள். அதன் பிறகுதான் சட்டையை மடித்தாள். மறுவாரம் ஆலோசகரிடம் போய், “ஒண்ணுமே நடக்கலைங்க!” என்று பெருமையடித்தாள்.

“அவங்க உங்க கையப் பாத்தாங்களா?”

“கண்ணாடியக் கழட்டி வெச்சிருந்தாங்க.”

“கண்ணாடி இல்லாம கண்ணு தெரியுமா?”

“எதிர்ல யானை நின்னாலும் தெரியாது” என்று அசடு வழிந்தாள்.

ஆலோசகர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “இது செல்லாது. மறுபடியும் செய்யுங்க” என்றார்.

அடுத்த நாள் காலை கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவள் ஓர் இளம்பெண். கண்ணாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளைத் தொட்டியில் தலை சாய்த்துப் படுக்க வைத்துவிட்டுச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டாள் நம்மவள். படுத்திருப்பவளின் கண்ணுக்கு நேர் மேலேதான் இரண்டு கையும் போய்வர வேண்டும். நல்லவேளையாக அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். கடவுளே, திறக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நுரை தேய்த்தாள்.

கண் திறந்தது.

“ஐயோ, என்னங்க இது கையில?”

“சொரியாசிஸ். ஒட்டாது.” பாதிக் குரல்தான் வந்தது.

அந்தப் பெண் விருட்டென்று எழுந்தாள். “வேணாங்க, விடுங்க” என்று துண்டை இழுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு, நுரை கழுத்தில் வழிய வழிய வெளியே போய்விட்டாள்.

இத்தனை வருஷமாக எதை நினைத்து நினைத்துச் செத்தாளோ, அது அச்சுப் பிசகாமல் நடந்துவிட்டது. கத்தரி ஓடும் சத்தம் நின்றது. எல்லோர் கண்ணும் அவள் கை மேல். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. அது பாட்டுக்கு அப்படியே கிடந்தது.

முதலாளியம்மா பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், “நீ உள்ள போய்ச் சட்டைய இறக்கிக்கம்மா. இன்னிக்குத் துண்டு மடிச்சாப் போதும்” என்றாள்.

உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. போய்விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். இன்றைக்கு மட்டுமில்லை, இனி என்றைக்குமே பார்க்க மாட்டார்கள். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“இல்ல மேடம். ஆளுங்க காத்திருக்காங்க.”

கையை அலம்பினாள். நாற்காலியில் புதுத் துண்டு விரித்தாள். சோபாவில் இரண்டு பேர் இருந்தார்கள்.

“அடுத்து யாரு?”

ஒருத்தி சட்டென்று போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மற்றவள் சுவரைப் பார்த்தாள். முழுக்கை, மடித்த சட்டையை இறக்காமலே தொட்டியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி மறுபடியும் கேட்டாள்.