கோபால் மேல் போட்ட பழி

மேடையேறும் முன் விளம்பரக்காரர் அவள் காலரில் மைக்கைக் குத்திவிட்டு, "சிரிச்ச முகமா பேசுங்க மேடம். மொழி பழசுன்னாலும் ஆள் பழசாத் தெரியக்கூடாது" என்றார்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் மென்பொருள் கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதப்பட்டது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை. படித்துவிட்டு வருகிறவர்கள், "கோபாலா? உங்க சித்தப்பாவா?" என்று சிரித்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். சிரிக்காதவர்கள் பதினோரு வருடத்துக்கு முந்தைய செய்தியை மறக்காதவர்கள். அந்தக் கெட்ட பேரைத் துடைக்கத்தான் இந்தக் கூட்டம். இருபத்தாறு வருடம் அதோடு குப்பை கொட்டியவள் என்பதால் பேச அவளைப் பிடித்தார்கள்.

செய்தி அவளுக்கு மனப்பாடம். ஒரே பெயரில் இரண்டு தெருக்கள், ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு. அழைப்பு கிழக்கிலிருந்து வந்தது. வண்டி மேற்குக்குப் போனது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், வண்டி ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டார். 'காலாவதியான மொழியின் கோளாறு' என்று விசாரணை அறிக்கை முடித்தது.

அந்தச் சாவுக்கு முந்தின வாரம், திரையில் அடங்கவில்லையென்று தெருப்பெயருக்கான இடத்தைக் குறைத்தவள் அவள். மொழி சொன்னதைச் செய்தது. பெயரின் வாலில் இருந்த 'கிழக்கு' என்பதை வெட்டிவிட்டு வாய்மூடி இருந்தது. சாவுச் செய்தி வந்ததும் அவள் ஓடிப்போய்ச் சொன்னபோது அன்றைய மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். "நீ ரெண்டு பிள்ளைக்காரி. பழியத் தூக்கி மொழி மேல போடு. அதுக்கென்ன, பிள்ளையா குட்டியா?"

அன்றிலிருந்து எங்கே சைரன் கேட்டாலும் அவள் உதடு தானாக அசையும்: கிழக்கா, மேற்கா. பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தபோதுகூட அசைந்தது. ஒருநாள் கணவர், "என்ன பாட்டு அது, எப்பப் பாரு?" என்று கேட்டார். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அரங்கில் வேலை தேடும் இளைஞர்கள் அறுபது பேர் இருந்தார்கள். பேச்சு முடிந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"ஆளைக் கொன்ன மொழி இதுதானே?"

குறை சரிசெய்யப்பட்டுவிட்டது என்று சொல்லும்படி அட்டையில் எழுதித் தந்திருந்தார்கள். அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"இல்லம்மா. மொழி ஒண்ணும் பண்ணல. இடத்தைக் குறைச்சது நான். சோதிச்சுப் பாக்காம விட்டதும் நான். என் பழியை அது சுமக்குது."

விளம்பரக்காரர் கூட்டத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்த கேமராவை அணைத்தார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது.

கடைசி வரிசையில், கூட்டத்துக்கு ஆட்களை வேனில் ஏற்றி வந்த ஓட்டுநர் எழுந்தார். நரைத்த மனிதர்.

"அன்னைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டினது நான்" என்றார். "கிழக்குன்னு வந்ததை நான்தான் சரியாப் படிக்கலன்னு நெனச்சேன். என்னைக் காப்பாத்தத்தான் அப்படி அறிக்கை எழுதினாங்கன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு வந்த செய்தியில கிழக்குன்னு வரவே இல்லண்ணே" என்றாள் அவள்.

அவர் உட்காரவில்லை. முன்னாலிருந்த காலி நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். அது மெல்ல, வளைவில் வண்டி திரும்புவதுபோல, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.