தோள் வழியே ஒரு வால்வு

என் மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், சந்தேகத்துக்கு இல்லை. எனக்குப் பெண் கொடுத்த விவகாரத்தையே அவர் இன்னும் விசாரணையில்தான் வைத்திருக்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவருடைய இதய வால்வு ஒன்று சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தார். நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனை அந்த உடம்பு தாங்காது என்றார் டாக்டர். ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, மடித்துவைத்த புது வால்வை இதயம்வரை கொண்டுபோய் விரித்துவிடலாம். வழக்கமாகத் தொடை வழியாகப் போவார்கள். மாமாவின் தொடைக் குழாய்களோ ஸ்கேனில் குறுகி, நெளிந்து, உள்ளே கெட்டிதட்டிக் கிடந்தன. அதனால் இடது தோள்பட்டையில் எலும்புக்குக் கீழே கீறி, அங்குள்ள குழாய் வழியாகப் போவது என்று முடிவானது. பக்கவாதம் வரும் ஆபத்து கொஞ்சம் உண்டு என்றும் சொன்னார்.

"அப்பாகிட்ட நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம் டாக்டர்" என்றாள் என் மனைவி. அவரும் நம்பிவிட்டார்.

வெளியே வந்ததும் பக்குவம் மாறியது. "தோள், பக்கவாதம்னெல்லாம் சொன்னா பயந்துடுவார். தொடை வழியான்னே சொல்லிடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தானே செஞ்சாங்க?"

நான் தலையாட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் குறையில்லாமல் செய்துவரும் ஒரே வேலை அது.

மாமாவின் தொழில்முறையை இருவருமே மறந்துவிட்டோம். சந்தேகப்பட்ட பயணியிடம் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். பக்கத்து இருக்கைக்காரரிடம் சாவகாசமாகப் பேச்சுக் கொடுப்பார்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் போனபோது அவர் சட்டை போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, கதவைச் சாத்துங்க."

சாத்தினேன்.

"எனக்கு எந்த வழியா செய்யறாங்க?"

"தொடை வழியா மாமா. பயப்பட ஒண்ணுமே இல்ல."

"உங்க பொண்டாட்டியும் இதேதான் சொன்னா. ஒரு வார்த்தைகூட மாறல. ரெண்டு பேர் அச்சடிச்ச மாதிரி சொன்னா, பேசி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"அப்படியெல்லாம் இல்ல மாமா."

"நர்ஸம்மா வந்து என் தோள்லயும் நெஞ்சுலயும் சவரம் பண்ணிட்டுப் போச்சு. ஏம்மா, ஆபரேஷன் தொடையிலதானேன்னு கேட்டேன். அது என்னைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துது. தொடைக்குப் போறவனுக்குத் தோள்ல என்ன வேலை?"

நானும் ஜன்னலைப் பார்த்தேன்.

"எனக்கு வேற ஏதாவது வியாதியா? இல்ல, புதுசா எதையோ என்மேல பழகிப் பார்க்கறாங்களா? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வித்துட்டீங்களா?"

உங்களை யார் மாமா வாங்குவார்கள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்கு ஆபரேஷன் வேண்டாம். ஆட்டோ கூப்பிடுங்க" என்று எழுந்தவர், நாலடி போவதற்குள் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இந்த மனிதர் இப்படியே வீட்டுக்குப் போனால் திரும்ப வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்து, எல்லாவற்றையும் கொட்டினேன். தொடைக் குழாயின் லட்சணம், தோள், பக்கவாதம், நாங்கள் போட்ட திட்டம்.

கண் சிமிட்டாமல் கேட்டார்.

"பக்கவாதம் வந்தா பேச்சு போயிடுமா?"

"போகலாம் மாமா."

"செய்யாம விட்டா?"

"அடுத்த தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டீங்களாம்."

பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். "இதை நேத்தே சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேன். டாக்டரை வரச் சொல்லுங்க. நீங்க வெளிய நில்லுங்க, தனியா கேக்கணும்."

என் வாக்குமூலத்தைச் சரிபார்க்கிறார். அரைமணி கழித்து வெளியே வந்த டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரின்னுட்டார்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்களை உள்ளே விட்டார்கள். டாக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். மாமா தூக்கினார். "பிரமாதம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார் டாக்டர். மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னைத் தேடினார்.

"மாப்ள. நீங்க சொல்லுங்க." குரல் கரகரத்தது. ஆனால் ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"வால்வு நல்லா உக்காந்துடுச்சு மாமா. ஓரத்துல மட்டும் துளி ரத்தம் கசியுதாம். பெருசா ஒண்ணுமில்ல, ஆனா அப்பப்ப பார்த்துக்கிட்டே இருக்கணும்னு வெளிய வெச்சு டாக்டர் சொன்னார்."

கிள்ளல் நகமாக மாறியது. மாமா என் முகத்தை மேலும் கீழும் படித்தார். கசிகிறது என்று கேட்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்ப சரி" என்று கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.