ஆற்றுக்கு எந்தக் கம்பி

ஆற்றைத் தாண்டி மின்கம்பி இழுக்க வேண்டும். எந்தக் கம்பி என்று முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டியவர் இன்ஜினியர். அவர் மேஜை மேல் இரண்டு மாதிரித் துண்டுகள் கிடந்தன. ஒன்று முழுக்க அலுமினியம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. இன்னொன்று நடுவில் எஃகு வைத்து, சுற்றிலும் அலுமினிய இழைகளை முறுக்கியது. அவ்வளவு அகலமான ஆற்றுக்கு எஃகு வைத்ததுதான் தாங்கும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்ஜினியருக்குத் தெரியும். ஆனால் பளபளக் கம்பி, மனைவியின் அண்ணனுடைய தொழிற்சாலையில் செய்தது. எஃகைவிட உறுதியான காரணம் அது.

கம்பி போகிற இடத்துக்கு நேர் கீழேதான் படகு போகும். உச்சியில் விளக்குக் கம்பம் வைத்த அந்தப் படகில்தான் அவர் மனைவி அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய் வருகிறாள். வெயிலில் கம்பி தொய்ந்து, ஆற்றில் தண்ணீரும் ஏறினால், விளக்குக் கம்பம் மின்கம்பியைத் தொட்டுவிடும். இன்ஜினியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எஃகு இல்லாத கம்பி என்றால் தொடத்தான் செய்யும். பிறகு வாயை மூடிக்கொண்டார். அண்ணனைக் குறை சொல்லிவிட்டு அந்த வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்றவர் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மச்சானே வந்து இறங்கினார். கையில் அவர் கம்பியின் ஒற்றை இழை, சுருளாக.

"தங்கச்சிக்குத் துணிக்கொடி கட்டித் தரேன். நம்ம சரக்கு எப்படி நிக்குதுன்னு நீங்களே பாருங்க மாப்ளே."

கொல்லையில் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டினார். விரலால் சுண்டினார், விண்ணென்றது. தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. காலைக் குளிரில் கட்டிய கம்பி உச்சி வெயிலில் என்ன ஆகும், பாரம் ஏறினால் என்ன ஆகும் என்று மச்சான் யோசிக்கவில்லை. அதையெல்லாம் யோசித்தால் வியாபாரம் செய்ய முடியுமா?

அவள் வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளையெல்லாம் துவைத்துக் காயப் போட்டாள். ஈரத்துணியின் கனத்தில் அலுமினியம் மெல்ல இளகிக் கொடுத்தது. இறுக்கிக் கட்டிய கம்பி ஒரு விரற்கடை நீண்டாலே நடுவில் ஒரு முழம் இறங்கும். இது ஒரு விரற்கடையோடு நிற்கவில்லை. மத்தியானம் மூவரும் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைக்கு வந்தபோது விரிப்புகள் சேற்றில் சுகமாகப் படுத்திருந்தன.

"என்னண்ணே இது?"

"துணி கனம்மா. ஆத்து மேல யாரு துணி காயப் போடப் போறாங்க?" மச்சான் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கம்பியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஆத்துக்கும் இதையேதான் போடப் போறீங்களா?"

"பக்கத்துப் பக்கத்துல கம்பம் இருக்கிற தெருவுக்கு இது நல்ல கம்பி," என்று இன்ஜினியர் மென்று விழுங்கினார்.

"நான் தெருவைக் கேக்கல."

"ஆத்துக்கு ஆகாது."

மச்சானுக்கு அந்த நிமிஷம் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது. சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனார்.

அவள் சேறான விரிப்பு ஒன்றைத் தூக்கி வாளியில் போட்டாள்.

"ஆகாதுன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட இருந்தீங்களா?"

இன்ஜினியர் இதுவரை இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னார்.

"உங்க அண்ணன் கம்பி வேண்டாம்னா நீ சண்டை போடுவேன்னு பயந்தேன்."

"சண்டை போடறதுக்கு நான் இருக்கணும்ல," என்றாள்.