மூன்று கிலோமீற்றர் கிரவல்

ஹப்ஸா ராத்தா அபாயா தைப்பிக்கிற இடத்தில் எட்டு மணிக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கும். எட்டு ஐந்துக்கு வந்தாலும் பிந்தினதுதான். மூன்று தரம் பிந்தினால் மெஷின் வேறு ஆளுக்குப் போகும். சேர்ந்த அன்றே ராத்தா அதைச் சொல்லிவிட்டார். கோபமாக இல்லை, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி.

பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டு நாலு வருடம் வீட்டில் இருந்தேன். வீட்டுக்கு வெளியே எனக்கென்று கிடைத்தது அந்த மெஷின் ஒன்றுதான்.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். தையல் இடம் இருக்கிற காத்தான்குடிக்குப் போக, முதலில் வட்டை என்கிற வயல்வெளிக்குள்ளால் மூன்று கிலோமீற்றர் கிரவல் றோட்டு, கல்லும் மண்ணும் கொட்டினது. பிறகு வாவியைக் கடக்கிற மிதவை. அதை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். ஏழு மணிப் பாதையை விட்டால் அடுத்தது ஏழே முக்காலுக்கு. ஏழு மணிக்கு ஏறினால் ஏழே காலுக்கு அக்கரையில் குருக்கள்மடம். அங்கிருந்து பதினொரு கிலோமீற்றர், தார் போட்ட காப்பட் றோட்டு. அந்த நேரத்து பஸ் நிரம்பி வழிந்துகொண்டு நிற்காமலே போகும். சைக்கிள்தான் ஒரே வழி.

அப்பா என்னை ஜிப்ரியின் கடைக்குக் கூட்டிப் போனார். ஜப்பானில் பாவித்த சைக்கிள்களைக் கப்பல் கொண்டேனரில் இறக்கி விற்கிறவர் அவர். என் உயரத்துக்கு இரண்டுதான் இருந்தன. விலையும் ஒன்றுதான்.

“அண்ணன், இது ரேசிங்,” என்று ஜிப்ரி கீழே வளைந்த ஹாண்டிலைத் தட்டினார். “காப்பட்டில விட்டா பறக்கும். மத்தது ஹைபிரிட். கொஞ்சம் மெதுவு. ஆனா கல்லு மண்ணு ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்ல.”

ரேசிங்கின் ரயர் என் பெருவிரல் அகலம்கூட இல்லை. ஹைபிரிட்டுக்கு நேர் ஹாண்டில், ரயரும் ஓரளவு தடிப்பு. அப்பா, “பதினொண்டு பெரிசா, மூண்டு பெரிசா?” என்று கேட்டார். ஹைபிரிட்டில் போனால் அந்தப் பதினொன்றுக்கு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும், எட்டு மணிக்குச் சரியாகத்தான் இருக்கும் என்றார் ஜிப்ரி. ரேசிங்தான் என்று முடிவெடுக்க அப்பாவுக்கு அது போதும்.

எனக்கு வேறு கணக்கு இருந்தது. காப்பட்டில் பிந்தினால் இன்னும் உழக்கி அந்த நேரத்தைப் பிடிக்கலாம். கிரவலில் ஒரு நிமிடம் பிந்தினால் பாதை போய்விடும். அந்த மூன்றைத் தாண்டினால்தான் பதினொன்று. இதெல்லாம் எனக்குள் ஒழுங்காக வந்தது. ஹைபிரிட்டின் ஹாண்டிலைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உனக்கு எது மகள்? மறுகா என்னைக் குறை சொல்லப்படாது,” என்றார் அப்பா.

“ரெண்டும் நல்லந்தான்.”

ஜிப்ரி சிரித்தார். “அடுத்த கொண்டேனரில பிள்ளைக்கு ஒரு வாயும் எடுப்பிக்கணும் போல.”

ரேசிங்கை வாங்கிக்கொண்டு வந்தோம்.

முதல் வாரம் மழை இல்லை. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே தையல் இடத்துப் படியில் போய் நின்றேன். அப்பாவின் கணக்குத்தான் சரி என்று நானே நினைத்தேன். பிறகு மாரி தொடங்கியது. ஒரு நாள் கிரவலில் கூர்க் கல் ரயரைக் கிழித்தது. இன்னொரு நாள் ஈர மண்ணில் சில்லு புதைந்து, அரைவாசித் தூரம் உருட்டிக்கொண்டே ஓடினேன். இரண்டு நாளும் பாதை நடு வாவியில் போய்க்கொண்டிருந்தது. ஸாதியா என்று ஒருத்தி இரண்டு மாதமாக மெஷின் கேட்டுக்கொண்டிருப்பதை ராத்தா என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு மூன்று நாள் விடாமல் பெய்தது. அப்பாவின் வயலில் முளைத்த நெல் தண்ணீருக்குள் போனது. அப்படி நடந்தால் றோட்டைக் குறுக்கே வெட்டித் தண்ணீரைக் கீழ் வட்டைக்கு விடுவது எங்கள் ஊர் வழக்கம். தண்ணீருக்குப் பொறுப்பான வட்டை விதானையிடம் கேட்டால் போதும். வெட்டுகிறவர்தான் மேலே பலகை போட வேண்டும். அப்பா பின்னேரமே வெட்டி, இரண்டு பனம்பலகையை றோட்டின் நீளவாக்கில் போட்டார். ஊறினால் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுவார்கள். அப்பாவும் விட்டார்.

“இறங்கி நேரத்தை வீணாக்காத,” என்றார் காலையில். “நான் உர மூடையோட ஓடிப் பார்த்தனான். ஒண்டும் ஆகல்ல.”

அப்பா ஓடிப் பார்த்தது தன்னுடைய பெரிய சைக்கிளில். அதன் ரயர் என் ரயரைப்போல இரண்டு மடங்கு. பலகையைக் கண்டதும் எனக்கு அது விளங்கியது. இறங்கலாம் என்று நினைத்தேன். வரம்பில் அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை.

முன் சில்லு நேராக அந்த இடைவெளிக்குள் இறங்கியது. நான் வெட்டுக்குள் விழுந்தேன். வெளியே வந்து பார்த்தபோது சில்லு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அப்பா ஓடிவந்து அதை முழங்காலில் வைத்து நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. என் பாவாடையில் இருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டார்.

நடந்து, ஏழே முக்கால் பாதையில் ஏறி, பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர ஒன்பதரை. என் மெஷினில் ஸாதியா இருந்தாள். நான் வெட்டி வைத்த அபாயாக் கையைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ராத்தா என் காலில் இருந்த காயத்தைப் பார்த்தார்.

“என்ன நடந்த மேனுகா? சொல்லு.”

சொல்லியிருக்கலாம். பலகை, இடைவெளி, அப்பா, எல்லாம் நாலு வசனம். ராத்தா உண்மையாகவே காத்திருந்தார்.

“பிந்திட்டு, ராத்தா,” என்றேன்.

“சரி புள்ள. இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

வழமையான நேரத்துக்குத்தான் வீடு திரும்பினேன். அப்பா சில்லைச் சந்தியில் கொடுத்து அடித்து நிமிர்த்தியிருந்தார். பலகையைக் கழற்றி, எங்கேயோ கேட்டு வாங்கிய சீமெந்துக் குழாயை வெட்டுக்குள் இறக்கி, மேலே கிரவல் கொட்டி, மண்வெட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பகல் முழுக்க வேலை. வயலில் இன்னும் தண்ணீர் நின்றது.

“இனி கொஞ்சம் முந்தி, ஆறேகாலுக்கே வெளிக்கிடு,” என்றார். “இண்டைக்கு ராத்தா ஏசினவவா?”

“இல்ல அப்பா.”

மறுநாள் ஆறேகாலுக்கு வெளிக்கிட்டேன். அப்பா தட்டிய இடம் மேசை மாதிரி இருந்தது. ஏழு மணிப் பாதைக்கு முதல் ஆளாக நின்றேன். அக்கரையில் எல்லோரும் அவசரமாக இறங்கி வேலைக்குப் போனார்கள். நான் கடைசியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கி, பின்னேரம் வேலை விடுகிற ஐந்து மணிவரைக்கும் எங்கே இருப்பது என்று சுற்றிப் பார்த்தேன்.