ஓடப் போனவள்

1

இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிழை என்னுடையதல்ல, என் தங்கை கணவருடையது. அவர் மின்பணியாளர். கம்பிகளைக் கச்சிதமாக இணைப்பார், எழுத்துகளை அப்படி இணைக்க வராது. ஒரு நாள் விடிவதற்கு முன்னால் அவசர வேலைக்குக் கிளம்பியவர், வீடு வெளிப்பக்கம் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் குடும்பக் குழுவில் இப்படி ஒரு செய்தி போட்டார்:

“மச்சான், உங்க தங்கச்சி ஓடிப் போயிட்டா. சாவியும் அவகிட்டதான் இருக்கு. உங்ககிட்ட மாத்துச் சாவி இருக்கா?”

அவர் எழுத நினைத்தது ‘ஓடப் போயிட்டா’. அதாவது, தினமும் ஓடுகிற மாதிரி ஓடுவதற்குப் போயிருக்கிறாள். ட-வுக்கு மேல் ஒரு கொக்கி கூடுதலாக விழுந்துவிட்டது. நம் மொழியில் அந்தக் கொக்கிக்கு இருக்கிற பலம் உங்களுக்குத் தெரியும்.* “நேத்துகூட நல்லாத்தானே பேசினா” என்று பெரியப்பா எழுதினார். சித்தி ஒருத்தி அழுகிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினாள். அம்மா என் அறைக்கு வந்து போர்வையை விலக்கி, ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டது ஒரே கேள்விதான்.

“யாரோட?”

விஷயம் தெரிந்ததும் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கும்மிருட்டு. மகள் வெளிச்சம் வந்த பிறகு ஏதோ நடந்துவிட்டு வருகிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

(* அச்சுக்கோப்பவருக்கு: தலைப்பில் கொக்கி போட்டுவிட வேண்டாம். குடும்பம் இன்னொரு முறை தாங்காது.)

2

தங்கை நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். ஓட்டுவதென்னவோ எல்லா நிறுத்தத்திலும் நின்று போகிற வண்டி. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது என்று ஓட ஆரம்பித்தாள். முதுகு எப்போதோ சரியாகிவிட்டது, ஓட்டம் நிற்கவில்லை. காலை ஷிப்டுக்கு முன்னாலும் இருட்டு, வேலை முடிந்து திரும்பினாலும் இருட்டு. அதனால் இருட்டில் ஓடுகிறாள். ஓடி முடித்து, வெளுக்கிற நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் ஒரு காபி குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து டிப்போவுக்குக் கிளம்புவாள்.

பிழை நடந்த அன்றும் வந்தாள். அம்மா காபி போடவில்லை.

“இருட்டுல ஓடுறத விட்டுட்டு வா. அதுவரைக்கும் என்கூடப் பேசாத.”

அன்றிலிருந்து பேச்சில்லை. தங்கை ஓடுவதையும் விடவில்லை, எங்கள் வீட்டுக்கு வருவதையும் விடவில்லை. தினமும் மணி அடிக்கிறாள். நான் போய்க் கதவைத் திறக்கிறேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் போடுகிற காபியைத் தங்கை மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டுப் போகிறாள் என்றால், நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் காலி தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“நீ எழுதுண்ணா. நான் சொன்னா அம்மா கேக்க மாட்டா. உன் கதைன்னா ஒரு வரி விடாம படிப்பா.”

அது உண்மை. அம்மா என் எழுத்தை நம்புகிறாள். என்னை நம்புவது வேறு விஷயம்.

3

முதல் தொடக்கம்:

“இருள் அந்தச் சாலையை விழுங்கியிருந்தது. அவள் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு காலடிச் சத்தம் —”

(இதற்கு மேல் போக முடியவில்லை. தங்கை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள்.)

“யாருண்ணா அது?”

“எது?”

“பின்னாடி வர்றவன்.”

“இன்னும் யோசிக்கல. யாராவது வந்தாத்தான் கதை நகரும்.”

“நான்தான் ஓடுறேனே. அது நகர்றதில்லையா?”

இரண்டாவது தொடக்கம்:

“எதிரே விளக்கெரியாத லாரி ஒன்று —”

“லைட் இல்லாத வண்டிய எங்க டிப்போ கேட்டத் தாண்ட விடமாட்டாங்க. அடுத்தது?”

மூன்றாவது:

“புதரிலிருந்து ஒரு நாய் —”

“நாய் வந்தா நான் ஓடமாட்டேன். நின்னுடுவேன். அப்புறம் மெதுவா நடப்பேன். கொஞ்ச நேரத்துல அதுக்கே போரடிச்சுடும்.”

பேனாவை மூடி வைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. உன் கதையில இருட்டுல வெளிய போன பொம்பள யாராவது முழுசா வீடு திரும்பியிருக்காளா?”

அவள் போன பிறகு என் தொகுப்புகளை எடுத்து வைத்துத் தேடினேன். ஒருத்தி திரும்பியிருந்தாள். அவளும் பேய்.

இது என் ஒருவன் பழக்கம் மட்டும் இல்லை என்று வாதாடலாம். பெண், இருட்டு, தனிமை என்று மூன்றையும் ஒரு வாக்கியத்தில் போட்டால் அடுத்த வாக்கியம் தானாகவே வந்து நிற்கிறது, நாமும் யோசிக்காமல் அதற்கு இடம் கொடுத்துவிடுகிறோம். எழுதுகிறவனுக்கு அது சுலபம். ஆனால் அம்மாவும் இத்தனை காலமாக இந்தக் கதைகளைத்தானே படித்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே அன்று அவள் பார்த்த இருட்டில் பாதி நான் சப்ளை செய்தது. ஆகவே இந்தக் கதையில் தங்கைக்கு ஒன்றும் ஆகாது. இப்போதே சொல்லிவிட்டேன். திகிலுக்காகப் படிக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

4

கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு தைரியமாக ஒருத்தி இருப்பாளா என்று வாசகர் கேட்பார். அதை அவளிடமே கேட்டேன்.

“தைரியமா? யார் சொன்னா? பயம் இருக்கறதாலதான நெத்தி லைட்டு அது இதுன்னு இவ்வளவையும் மாட்டிக்கிட்டு ஓடுறேன். எனக்குப் பயமில்லன்னு எழுதிடாத, பொய்யாப் போயிடும்.”

சொன்னதோடு விடவில்லை, மறுநாள் விடியும் முன் என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள். டிப்போவுக்குப் பின்னால் புதிதாக ஒரு சாலை போட்டிருக்கிறார்கள், இன்னும் தெருவிளக்கு வரவில்லை. மாப்பிள்ளையின் வேனில் ஓட்டுநர் இருக்கையில் என்னை உட்கார வைத்து, முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

“ரோட்டையே பாரு. ஆள் தெரிஞ்சதும் ஹாரன் அடி.”

முதலில் மாப்பிள்ளை கறுப்புச் சட்டையில் நடந்து வந்தார். வந்தார் என்று பிறகு சொன்னார்கள். வண்டிக்கு முன்னால் திடீரென்று முளைத்து, “மச்சான், ஹாரன் எங்க?” என்று அவர் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை கொஞ்சம் முன்னாலேயே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. காற்றில் வந்த பையா, விளம்பரப் பலகையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை வந்து சேர்ந்துவிட்டார்.

பிறகு அவள் வந்தாள்.

தூரத்தில், மாப்பிள்ளையை நான் பார்த்த இடத்துக்கெல்லாம் வெகு தூரத்துக்கு அப்பால், இரண்டு சின்ன வெளிச்சங்கள் மாறி மாறி ஏறி இறங்கின. கணுக்காலில் ஒட்டும் பட்டை கட்டியிருந்தாள், வண்டி விளக்குப் பட்டால் பளிச்சிடுமே, அது. கைவிரல் தானாகப் போய் ஹாரனை அழுத்தியது. அது ஆள்தான் என்பதில் சந்தேகமே இல்லை. யாருடைய கால் என்பதிலும் சந்தேகமில்லை. வலது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வீசி வைக்கிற அந்த நடையை நான் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். அதைத் திருத்த அம்மா எவ்வளவோ பாடுபட்டாள், நடக்கவில்லை. நல்லவேளை.

அவள் வேன் கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

“நெஞ்சுல மட்டும் பட்டை போட்டா போர்டு மாதிரி சும்மா நிக்கும். கால்ல கட்டினா அசையும். அசஞ்சாத்தான் ஓட்டுறவனுக்கு ஆள்னு உறைக்கும். தினம் அந்த சீட்டுல உக்காந்து நான் பாக்குறதுதானே.”

இப்போது சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பரிசு வாங்கினால், பட்டம் வாங்கினால் வருகிற பெருமை மாதிரி இல்லை. இருட்டையும் வண்டியையும் தன் காலையும் உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் கதவைத் திறந்து வெளியே போகிறாள் என் தங்கை. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்குத் தெரிந்த வழி எழுதுவதுதான்.

[இந்த இடத்தில் அவள் சொன்ன மற்ற விஷயங்களை ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதியிருந்தேன். மருந்து டப்பாவுக்குள் வைக்கிற தாள் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். மிஞ்சியது: வண்டி எதிரே வருகிற பக்கமாகத்தான் ஓடுவாள், “அது என்னப் பாக்கலேன்னாலும் நான் அதப் பாத்துடுவேன்ல.” காதில் பாட்டு கிடையாது. நெற்றியில் விளக்கு, குழிக்காக; எனக்குக் காட்டிய அன்று மட்டும் அணைத்து வைத்திருந்தாள். எந்த வழி போகிறாள் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும், ஃபோனில் அவள் இருக்கிற இடமும் தெரியும். சாவியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் புதிதாகச் சேர்ந்த விதி.]

5

எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிய ஒன்று இருக்கிறது. ஒருநாள் —

(விட்டுவிட்டேன். மறுபடி எடுத்தேன். மறுபடி விட்டேன். அவளிடமே கேட்டேன். “எழுது. மறைச்சா அம்மா எப்படியும் கண்டுபிடிச்சிடுவா.”)

ஒருநாள் பைக்கில் ஒருவன் வேகத்தைக் குறைத்து அவளுக்குப் பக்கத்திலேயே வந்தான். ஏதோ கேட்டான். சட்டென்று திரும்பி வந்த வழியே ஓடினாள். பைக்கை வளைத்துத் திருப்பிக்கொண்டு அவன் வருவதற்குள் பெட்ரோல் நிலையத்து வெளிச்சத்துக்குள் போய்விட்டாள். அவளுடைய வழியில் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி ஓர் இடம் உண்டு, அந்நேரத்திலும் விளக்கெரிந்து, ஆள் இருக்கிற இடம். பெட்ரோல் போடுகிற பெண்மணி ஒன்றும் கேட்காமல் தன் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள். பைக் நேராகப் போய்விட்டது. தங்கை மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்தாள், அவர் வேனில் வந்து அழைத்துப் போனார். அன்று மாலையே போலீசில் சொன்னாள். மறுநாள் வேறு வழியில் ஓடினாள்.

“அன்னிக்கு ராத்திரி லைட்ட அணைக்காமத்தான் படுத்தேன்” என்றாள். “அதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவள் ஓடுவதை விட்டுவிடுகிறாள். அம்மா பேசுகிறாள், காபி மணக்கிறது, எல்லோரும் நிம்மதி. எழுதி முடித்துப் படித்தபோது அதில் தங்கையைக் காணோம், அவள் சாயலில் யாரோ ஒருத்தி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு: பெரிய பந்தயத்தில் ஜெயிக்கிறாள், செய்தித்தாளில் படம் வருகிறது, அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

“நான் எந்தப் பந்தயத்துல ஓடுறேன்?” என்றாள் தங்கை. “ஜெயிச்சாத்தான் பேசுவாளாமா?”

மூன்று: அம்மாவும் ஷூ வாங்கிக்கொண்டு அவளோடு ஓடக் கிளம்புகிறாள். அம்மாவின் முழங்கால் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

ஆக, முடிவை வாசகரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். ஆனால் எல்லா வாசகரிடமும் இல்லை. மற்றவர்கள் தயவுசெய்து கொஞ்ச நேரம் கூடத்தில் உட்கார்ந்திருங்கள்.

அம்மா, இந்தத் தாள்களை உன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிடுவாய், கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கத் தொடங்குவாய். பைக்கில் ஒருவன் வரும் இடத்தில் உனக்குத் தூக்கிவாரிப் போடும். என்னை எழுப்பிக் கேட்க வேண்டும்போல இருக்கும். எழுப்பாதே, முழுசும் எழுதியிருக்கிறேன்.

நீ பயப்படுவது வீண் என்று நான் சொல்லமாட்டேன். அவளே சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். இந்த வீட்டில் மணி அடிக்காமலே விடிந்துவிடுகிற ஒரு காலையை நினைத்துத்தானே நீ பயப்படுகிறாய்? தினமும் அடிக்கிறதே அம்மா. அடிக்கிறபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாய்.

நீ இந்த வரிக்கு வரும்போது அவள் நம் தெருவுக்குள் திரும்பியிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்குவார்கள் என்று ஒரே ஒரு தடவைதான் அடிப்பாள். அடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி நின்றுகொண்டிருப்பாள். நான் விழித்துத்தான் இருப்பேன்.

எழுந்து வரமாட்டேன்.