வெட்டப்படாத ராணி

1

நகர்வுகளை எழுதியனுப்பி ஆடும் தபால் சதுரங்கத்தில் கணினியின் உதவியை நாடலாமா என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். சிற்றிதழ் ஒன்று கேட்டிருந்தது. 'எதிராளி கண்ணெதிரே இல்லாத ஆட்டத்தில் நேர்மை என்பது' வரை வந்து நின்றுவிட்டது.

அந்த வாரம் என் புத்தகத்தின் அட்டை அச்சாவதைப் பார்க்கச் சிவகாசிக்குப் போனேன். அச்சகத்தில் பட்டாசு லேபிள்களின் நிறத்தைச் சரிபார்ப்பவள் அழகுமீனா. பேச்சுவாக்கில் கட்டுரையைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"நான் கம்ப்யூட்டரப் பாத்து ஆடியிருக்கேன் சார்" என்றாள், தலை நிமிராமல்.

கட்டுரையை அங்கேயே விட்டுவிட்டேன்.

2

அவளோடு ஆடியவள் சினேகா. இருவரும் பள்ளிச் சதுரங்க அணியில் இருந்தவர்கள். எப்போதும் சினேகாதான் ஜெயிப்பாள். பிறகு சினேகா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். போன தீபாவளி சீசனில் அங்கே வெடி விபத்து.

[விபத்தை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு அதை வேடிக்கை காட்ட மனமில்லை.]

கழுத்தும் கன்னமும் வெந்துபோய், இருக்கன்குடிக்குப் பக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. தேடிப்போன மீனாவை சினேகாவின் அம்மா வள்ளித்தாய் வாசலிலேயே நிறுத்தினார்.

"கோவிச்சுக்காத தாயி. யாரையும் உள்ள விடாதேங்கிறா."

திரும்பி வரும் பஸ்ஸில் மீனா வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினாள்: 'ராஜா முன்னால உள்ள சிப்பாய், ரெண்டு கட்டம்.'

மறுநாள் காலையில் பதில் வந்தது. கறுப்பில் அதே நகர்வு. அடியில், 'கம்ப்யூட்டர் பாக்கக் கூடாது.'

மீனா 'சரி' என்று அனுப்பினாள்.

3

நாளுக்கு ஒரு நகர்வு. வேறு பேச்சு கிடையாது. ஆனால் அந்த வரி வந்துவிட்டால், சினேகா எழுந்துவிட்டாள், யோசிக்கிறாள் என்று தெரியும். மீனாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஆட்டம்தான் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தோற்றால் ஆட்டம் முடியும். ஆட்டம் முடிந்தால் அந்த ஒரு வரியும் நின்றுபோகும். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமலேயே, போனில் ஒரு சதுரங்கச் செயலியில் காய்களை அப்படியே அடுக்கித் தப்பிக்க வழி பார்த்தாள். வழி இருந்தது. மறுநாளும் பார்த்தாள்.

(உலக அளவிலான சில தபால் போட்டிகளில் இதை அனுமதித்தே விட்டார்கள். என் கட்டுரையின் பெரிய வாதம் அதுதான். மீனாவிடம் அதைச் சொன்னேன். "நான் அவகிட்ட சரின்னுல்ல சொல்லியிருந்தேன்" என்றாள். வாதம் அத்தோடு சரி.)

போகப்போகச் செயலி ஜெயிக்கிற வழியையும் காட்டியது. அவள் அதைத் தொடவில்லை. ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்துவிடுமே! தோற்காமலும் ஜெயிக்காமலும் இருக்கிற நகர்வாகத் தேடி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

4

இந்த இடத்தில் எனக்கு மீனாமேல் சந்தேகம் வந்தது. தோழிக்காக இவ்வளவு செய்கிறவளை வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன்.

"அவளுக்காகன்னு எழுதிராதீக சார். எனக்காகத்தான். அவ இல்லாம என்னால இருக்க முடியல."

சரி, அப்படியே எழுதுகிறேன்.

ஒரு காலையில் சினேகா தன் ராணியைக் கொண்டுவந்து மீனாவின் குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்திருந்தாள். அதற்குக் காவலாக ஒரு காயும் இல்லை. மாத்திரை மயக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மீனா ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவைத்தாள்.

உடனே போன் அடித்தது. விபத்துக்குப் பிறகு சினேகா தானாகக் கூப்பிடுவது அதுதான் முதல் முறை.

"ராணிய ஏண்டி வெட்டல?"

"கவனிக்கலடி..."

"பொய் சொல்லாத. வேணும்னேதான் வச்சேன். நீ ஆடியிருந்தா வெட்டியிருப்ப. கம்ப்யூட்டர் ஆடியிருந்தாலும் வெட்டியிருக்கும். எனக்கு எதுத்தாப்புல யாருடி உக்காந்துருக்கா?"

மீனா அச்சு இயந்திரங்களின் இரைச்சலை விட்டு வெளியே ஓடினாள்.

"நாந்தான். ஆட்டம் முடிஞ்சா நீ பேச மாட்டியேன்னு..."



"நீ ரோசிச்சு ரோசிச்சு ஆடுறேன்னுல்ல நான் தெனமும் எந்திரிச்சு உக்காந்தேன்" என்ற சினேகாவின் குரல் உடைந்தது. "எம்புட்டு நாளு!"

மீனாவுக்கு அழுகை வந்தது.

"அழாத. எனக்குக் கோவம் தீரல" என்றாள் சினேகா. பிறகு, "ஞாயித்துக்கெளம வா. பலகை இங்கன இருக்கு. போனை அம்மாட்ட குடுத்துட்டு உள்ள வா."

5

சினேகா ஜெயிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். ஆறுதல் பரிசுபோல இருந்தது. மீனா ஜெயித்து, சினேகா சிரிக்க — வேண்டாம். சமன் என்றால் எனக்கு மட்டும்தான் வசதி.

மீனாவிடம் கேட்டால், "அதெல்லாம் சொல்ல மாட்டேன் சார். அது எங்களுக்குள்ள" என்கிறாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். வள்ளித்தாய் போனை வாங்கிக்கொண்டு வழி விட்டார். ஜன்னலோரம், முகத்தை மூடாமல் சினேகா உட்கார்ந்திருந்தாள். முன்னால் பலகையில் காய்களைப் புதிதாக அடுக்கியிருந்தாள். மீனா அவள் கன்னத்தையே பார்த்தபடி நின்றாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"அப்பப் பலகையப் பாரு. வெள்ளை ஒனக்கு."

மீனா உட்கார்ந்து முதல் காயை நகர்த்தினாள். மீதியை நீங்கள் ஆடிக்கொள்ளுங்கள், யாரையும் கேட்காமல்.