திரையில் இல்லாத படகு

யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வின்சன்ட் மீனவர் சங்கக் காரியாலயத்துக்குள் வந்து விழுந்தான். நஸ்ஹா கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தாள். அவன் எழும்பி நிற்பதற்குள் கதவை உதைத்துத் தள்ளிக்கொண்டு சுஹைர் நுழைந்தார். கையில் மன்னாக் கத்தி. பின்னாலேயே அவருடைய தம்பி அஸ்ஜத், இரும்புக் குழாயோடு.

"என்ட மகனக் கிழிச்சிப்போட்டு எங்கடா ஓடுற?"

குழாய் இறங்கியது. வின்சன்டின் முழங்கை முறிந்த சத்தம் நஸ்ஹாவின் காதில் விழுந்தது.

அன்று காலை குறிஞ்சிப்பிட்டிக் கடலில் கடலட்டை பிடிக்கச் சுழியோடிக்கொண்டிருந்த சுஹைரின் மகன் ஸப்ராஸின் மேல் வின்சன்டின் படகு ஏறிப்போயிருந்தது. இயந்திர விசிறி தொடையை எலும்புவரை அறுத்துவிட்டது. காலை வைத்திருப்பதா எடுப்பதா என்று புத்தளத்து ஆஸ்பத்திரியில் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன்ல சங்கத்துப் பக்கத்தப் பாத்திட்டுத்தான் வெளிக்கிட்டனான், சுஹைர் அண்ணே," என்று வின்சன்ட் தரையில் கிடந்தபடி கத்தினான். "மாதா மேல ஆணை. உங்கட படகு அதில இல்ல!"

"பொய்! ஆள் எறங்க முந்தி எடத்தப் போடணும் எண்டது சங்கத்துச் சட்டம். நாங்க போட்ட!"

அவர்கள் சொன்னது சங்கத்தின் இணையப் பக்கத்தை. அதைச் செய்தவள் நஸ்ஹா. சுழியோடிகளை இறக்கும் படகு, தன் பெயரையும் இடத்தையும் போனில் எழுதி அனுப்பும். மற்றப் படகுகள் அதைப் பார்த்து விலகிப் போகும். நஸ்ஹா, படகுகள் அனுப்பியவை சேரும் பதிவைத் திறந்தாள். சுஹைரின் படகு இருந்தது. எல்லோரும் பார்க்கும் பக்கத்தைத் திறந்தாள். அதில் இல்லை.

"நானா, அடிக்காதீங்க! ரெண்டு பேரும் சொல்றது உண்மதான்!"

"நீயும் அவன்ட ஆளா?" சுஹைர் கத்திப் பிடியால் அவள் கன்னத்தில் இடித்தார். வாயெல்லாம் இரத்தம் கரித்தது. "அவன்ட காலையும் எடுத்துட்டுத்தான் போவன். புடிடா இவன!"

அஸ்ஜத் வின்சன்டின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான்.

நஸ்ஹா இரத்தத்தைத் துடைக்கவில்லை. பதிவில் படகின் பெயருக்குப் பின்னால், கூர் அடைப்புக்குறிகளுக்குள் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் பதுங்கியிருந்ததைக் கண்டுவிட்டாள். அந்தக் குறியைக் கண்டால் பிரவுசர் அதை எழுத்தாகக் காட்டாது, கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். 'இந்த வரியை மறை' என்பதுதான் கட்டளை. வருகிற குறிகளையெல்லாம் முதலில் எஸ்கேப் செய்து, உயிரில்லாத வெறும் எழுத்தாக்கித்தான் திரையில் விடவேண்டும். படகின் பெயரில் யார் இதையெல்லாம் எழுதப்போகிறார்கள் என்று அவள் அதைச் செய்யாமல் விட்டிருந்தாள்.

சுஹைர் வின்சன்டின் காலை மிதித்துக்கொண்டு கத்தியை ஓங்கினார்.

நஸ்ஹா விடுபட்ட அந்த ஒரு வரியைத் தட்டிச் சேமித்தாள். "உங்கட போனப் பாருங்க நானா! வெட்ட முந்தி ஒருக்காப் பாருங்க!"

அவள் குரலில் என்ன இருந்ததோ, கத்தி அந்தரத்தில் நின்றது. சுஹைர் இடது கையால் போனை எடுத்தார். சங்கத்துப் பக்கத்தில் இப்போது அவருடைய படகு வந்திருந்தது. பெயரை ஒட்டி, விளங்காத குறிகளும் எழுத்துகளும் நீளமாகத் தொங்கின.

"என்னடி இது?"

"படக மறைக்கச் சொல்லி எழுதின கட்டள. அதுக்கு இப்ப உயிரில்ல, அதான் கண்ணுக்குத் தெரியுது. காலையில அது ஓடினதால வின்சன்ட் உங்கட படகக் காணல்ல. உங்கட படகுப் போன்ல இருந்துதான் வந்திரிக்கி."

அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்பது சுஹைருக்குத் தெரியும். கற்பிட்டியில் போன் கடை நடத்திவிட்டுப் படகுக்கு வந்தவன் அந்த வீட்டில் ஒருவன்தான்.

அஸ்ஜத் வின்சன்டை விட்டு எழும்பி யன்னல் பக்கம் பாய்ந்தான். சுஹைர் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். ஒரு தடவை, மறு தடவை. மூக்கு உடைந்து சுவரெல்லாம் சிவந்தது. கத்தி தொண்டையில் ஏறி நின்றது.

"என்ட புள்ளய நீயாடா? சொல்லுடா நாயே, ஏன்டா மறச்ச?"

அஸ்ஜத் இரத்தத்தைத் துப்பினான்.

"நீங்கதானே நானா சொன்ன, சங்கத்துக்குப் போட்ட மாதிரியும் இரிக்கணும், அட்ட கெடக்கிற எடம் ஒருத்தன்ட கண்ணுலயும் படப்படா எண்டு!"